உப்புக்காற்றும் திரையில் ஓடும் மின்சாரமும்

கேள்வி: கடற்காற்றினால் எங்கள் ஆய்வக அம்மீட்டர்களின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி, அளவுகள் தாறுமாறாக வருகின்றன. கணினிப் பாவனையாக்கங்களை (சோதனையைத் திரையில் செய்துகாட்டும் சிமுலேஷன்களை) மட்டும் கொண்டே மின்சுற்றைக் கற்பித்துவிடலாமா?
– கல்லூரி ஆசிரியர், மண்டபம்

பதில்: கருத்தைப் புரியவைக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின் பாவனையாக்கங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, கைப்பேசியிலும் இயங்கும். தொடராக இணைத்த இரு விளக்குகளில் முதலாவதே மின்னோட்டத்தைப் பாதி தின்றுவிடும் என்று நம்பும் மாணவர் (நம் வகுப்புகளில் இவர்களே மிகுதி), திரையில் இரண்டின் வழியாகவும் எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் ஊர்வதைப் பார்க்கும்போது தம் எண்ணத்தைத் தாமே கேள்வி கேட்கத் தொடங்குகிறார். ஆனால், சுற்றின் சாவியை (சுவிட்சை) மூடும் முன்பே விடையை ஊகித்து எழுதச் சொல்லுங்கள். இல்லையேல் அது வெறும் வேடிக்கையாகிவிடும்.

ஆய்வகத்தை மட்டும் பூட்டிவிடாதீர்கள். திரையிலுள்ள இணைப்புகளில் களிம்பு ஏறுவதில்லை; தொடுமின்தடை (இணைப்பு முனைகள் தொடும் இடத்தில் எழும் மின்தடை) என்பதை அங்கே மாணவர் உணர வழியில்லை. களிம்பேறிய முனையுடன் ஓர் அளவு எடுக்கச் செய்து, உப்புத்தாளால் தேய்த்தபின் மறுபடியும் எடுக்கச் செய்யுங்கள். உங்கள் ஊர் அதற்கு வேண்டிய கருவியை இலவசமாகவே தந்திருக்கிறது.