பேச்சு வராத தலைவர்கள்

அன்புள்ள ஐயா,

அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இந்த ஆண்டு தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்கிறேன். விடுமுறையில் தலைமைப் பண்பு பற்றிய பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் 'எனக்கொரு கனவு இருக்கிறது' என்ற வாஷிங்டன் உரையைத் திரையிட்டு, உங்கள் கனவை ஒரே வரியில் எழுதுங்கள், கேட்பவர்கள் சிலிர்க்கும்படி பேசுங்கள் என்றார்கள். 'மாவட்டத்தின் முதன்மைப் பள்ளி ஆவோம்' என்று எழுதிக் கொடுத்தேன். கைதட்டினார்கள். ஆனால் பள்ளி திறக்கும் நாளில் சக ஆசிரியர்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. மேடைப் பேச்சு எனக்குச் சுத்தமாக வராது. நன்றாகப் பேசத் தெரியாத ஒருவரால் தன் கனவைப் பிறரிடம் கொண்டுசேர்க்க முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

முடியும். கிங்கின் அந்த உரை மகத்தானது, மறுக்கவில்லை. ஆனால் 1963 ஆகஸ்டில் அவர் பேசியதற்குப் பின்னால், அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளில் காட்டப்பட்ட நிறப் பாகுபாட்டை எதிர்த்து, பேருந்தில் ஏறாமல் 381 நாட்கள் தாக்குப்பிடித்த வரலாறு இருக்கிறது. பயிற்சி முகாம்களில் உரையை மட்டும் காட்டுகிறார்கள். சமையல்காரப் பெண்கள் வேலைக்கு நடந்தே போய்வந்த அந்த ஒரு வருடத்தைக் காட்டுவதில்லை.

உங்கள் கேள்விக்குப் பொருத்தமானவர் காந்திதான். பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்து நின்று, பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டவர். கடைசிவரை அவருடைய குரல் மெல்லியது. ஏற்ற இறக்கம் கிடையாது.

1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானம் போட்டது. பெரிய கனவுதான். ஆனால் குஜராத்தில் ஒரு பருத்தி விவசாயி அதைக் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் என்ன செய்வார்? காந்தி இந்தக் கேள்வியோடு சில வாரங்கள் இருந்தார். பிறகு உப்பு என்றார். அரசு வரி போட்ட உப்பைச் சட்டத்தை மீறி நாமே எடுப்போம் என்றார். கூட இருந்தவர்களுக்கே விளங்கவில்லை. தேசப் போராட்டத்தோடு சாதாரண உப்பைச் சேர்த்துப் பார்க்க முடியாமல் திகைத்ததை நேருவே பின்னாளில் எழுதியிருக்கிறார். உப்புப் போராட்டத்தால் தனக்கு இப்போதைக்குத் தூக்கம் கெடவில்லை என்று வைஸ்ராய் இர்வின் லண்டனுக்கு எழுதினார்.

1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களோடு காந்தி நடக்கத் தொடங்கினார். தண்டி வரை ஏறத்தாழ 385 கிலோமீட்டர். நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது இந்த நடையின் முன்னேற்பாட்டை. குஜராத் வித்யாபீட மாணவர்களின் குழு ஒன்று ஊர் ஊராக முன்கூட்டியே போனது. ஊரில் எத்தனை பேர், பெண்கள் எத்தனை, தீண்டப்படாதோர் எத்தனை, எத்தனை ராட்டைகள் சுற்றுகின்றன, மாடுகள் எத்தனை, தலைக்கு எவ்வளவு உப்பு செலவாகிறது, நிலவரி எவ்வளவு என்ற விவரங்களைத் திரட்டித் தரவேண்டும் என்று காந்தி கேட்டிருந்தார். அந்தந்த ஊரில் அந்தந்த ஊரின் கணக்கையே பேசினார். கேட்டவர்களுக்கு வேலையும் இருந்தது. கதர் கட்டலாம், உப்பு காய்ச்சலாம். கிராம அதிகாரி என்றால் பதவியைத் துறக்கலாம். பலர் துறந்தார்கள்.

மார்ச் 29 அன்று பட்காம் என்ற ஊரில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடை புறப்படும் முன் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி ஒரு கணக்கு போட்டிருந்தார்: வைஸ்ராய்க்கு நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல் சம்பளம், சராசரி இந்தியனுக்கு வருமானம் இரண்டணாவுக்கும் குறைவு. இப்போது அவருடைய கூட்டத்துக்கே சூரத்திலிருந்து பால் தருவித்திருந்தார்கள். இரவில் வழிகாட்ட ஒரு கூலித் தொழிலாளி கனமான மண்ணெண்ணெய் விளக்கைத் தலையில் சுமந்து நடக்க, வேகமாகப் போ என்று அவரை விரட்டியிருக்கிறார்கள். பட்காம் கூட்டத்தில் காந்தி பிரிட்டிஷாரை விட்டுவிட்டு இதைத்தான் எடுத்தார். இப்படி வாழ்ந்துகொண்டு வைஸ்ராய்க்கு அந்தக் கடிதத்தை எழுத எனக்கு என்ன உரிமை என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்தப் பேச்சை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும். தண்டியில் அவர் குனிந்து உப்பை எடுத்ததற்குச் சமமாகவே இதை மதிக்கிறேன்.

கனவு போய்ச் சேர்ந்ததா என்பதை எப்படி அறிவது? நம் வேதாரண்யத்தில் அதற்குச் சாட்சி இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி அங்கே உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். அவரும் முழக்கமிட்டுப் பேசுகிறவர் அல்ல. சத்தியாக்கிரகிகளுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதியில், அவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார் என்று அங்கே சொல்வார்கள். அதற்காகச் சிறைக்கும் போனார். அவருக்கு ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. மரத்தில் கட்டு என்றோ சவரத்தை நிறுத்து என்றோ மேடையில் யாரும் சொல்லியிருக்க முடியாது. அவரவர் பங்கை அவரவரே கண்டுபிடித்தார்கள். இந்த இடம்வரை வந்தால்தான் ஒரு தலைவரின் கனவு மக்களுடையது ஆகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உங்கள் வரி. 'மாவட்டத்தின் முதன்மைப் பள்ளி' என்பதைக் கேட்டுவிட்டு உங்கள் கணக்கு ஆசிரியர் நாளைக்கு எதை மாற்றிச் செய்வார்? சத்துணவு அமைப்பாளர் என்ன செய்வார்? தரவரிசை நிர்வாகத்தின் ஆசை. அதில் அவர்களுக்கு ஒட்டுதல் வராது, வராததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பள்ளி திறந்த முதல் வாரம் எதுவும் பேசாதீர்கள். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் தடுமாறுகிறார்கள், காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள் யார் யார், எந்த ஊர் பஸ் தாமதமாக வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன்பிறகு ஆசிரியர் கூட்டத்தில் அந்தத் தாளைப் பார்த்தே வாசியுங்கள். டிசம்பருக்குள் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் தடையில்லாமல் தமிழ் வாசிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கு மேடைக் குரல் தேவையில்லை.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளின் முதல் பாடவேளையை நீங்களே எடுப்பதாகவும் அங்கேயே அறிவித்துவிடுங்கள். அலுவலக வேலைகளை அந்த நேரத்தில் யார் பார்ப்பது என்று நிர்வாகம் நிச்சயம் கேட்கும். அதற்கு ஒரு ஏற்பாட்டை யோசித்து வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.