வட்டமாக அமர்ந்தால் மனம் மாறுமா?

கேள்வி: எங்கள் ஊர் விடுதியொன்றில், இரண்டு நாள் வட்டமாக அமர்ந்து மனம்விட்டுப் பேசினால் புது மனிதராகத் திரும்பலாம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டால் மனிதர் மாறிவிடுவாரா?
– வாசகர், கோவை

பதில்: நாற்காலிகளுக்கு அந்தச் சக்தி கிடையாது, ஆனால் கூடி அமர்ந்து பேசி மீண்டவர்கள் உண்டு. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் வந்த காரியம் தோற்றுப்போய், விடுதிக் கூடத்தில் மதுக்கடையைப் பார்த்தபடி நின்ற பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர், மறுபடி குடித்துவிடுவோமோ என்று அஞ்சி, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடித் தொலைபேசியை எடுத்தார். அப்படிக் கிடைத்த பாப் ஸ்மித் ஓர் அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவர், மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். குடியின் கேட்டை ஒரு மருத்துவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை (அறிவுரைப் பிரியர்கள் கவனிக்க). தன் கதையைச் சொல்ல வந்த இன்னொரு குடிநோயாளிக்கே அவர் காது கொடுத்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளையே, குடிநோயாளிகள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு தன் தொடக்க நாளாகக் கொள்கிறது.

சென்னை உட்படப் பல நாட்டு நகரங்களில் கூடும் அதன் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. ஒருவர் பேசுகையில் குறுக்கிடுவதும், பேசி முடித்தவருக்கு உபதேசம் செய்வதும் பொதுவாக வழக்கமில்லை. தொடக்க நாள்களில் இவர்கள் பண உதவி நாடியபோது, அமெரிக்கச் செல்வந்தர் இளைய ராக்ஃபெல்லர் 1938இல் 5,000 டாலரோடு நிறுத்திக்கொண்டார். பெரும்பணம் சேர்ந்தால் இது கெட்டுவிடும் என்று அவர் கருதினார். கோடீஸ்வரர் ஒருவருக்குப் புரிந்த இந்தச் செய்தி உங்கள் ஊர் அமைப்பாளர்களை இன்னும் எட்டவில்லை போலும். இம்முறையின் பலனும் வெறும் நம்பிக்கையன்று: பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை அலசி 2020இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, குடியைத் தொடர்ந்து விலக்கி வைப்பதில், குடிநோயாளிகளை இக்கூட்டங்களில் சேர வழிகாட்டும் முறையான சிகிச்சை பிற சிகிச்சைகளைவிட மேலானது என்று கண்டது.

இக்கூட்டங்களுக்குப் புதிதாக வருபவருக்கு, முன்பே மீண்ட ஒருவர் துணையாக அமைவார். மனம் தடுமாறும் நேரத்தில் அவரை அழைக்கலாம், அடுத்த வாரமும் அதே முகங்களைப் பார்க்கலாம். உங்கள் ஊரில் பணம் கட்டுமுன், மூன்றாம் நாள் நள்ளிரவில் மனம் உடைந்து அழைத்தால் எடுத்துப் பேசப்போகிறவர் யார் என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். அவர் ஒரு பெயரைச் சொன்னால், கட்டணத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.