வாசகர் கேள்விகள்: மகரிஷி ஞானியா, வியாபாரியா?

கேள்வி: மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலை தியானத்தைக் கல்லூரி நாளில் கற்று, இன்றும் செய்கிறேன். என் மருமகனோ, "வெளிநாட்டுக்காரர்களிடம் காசு பார்த்த ஆள்" என்கிறார். அவர் உண்மையில் எப்படிப்பட்டவர்? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: அம்மா, அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்பது உங்கள் மருமகனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் செய்தவற்றை வைத்துப் பேசலாம்.

அலகாபாத்தில் இயற்பியல் படித்தவர். ஜோதிர் மடத்துச் சங்கராச்சாரியார் பிரம்மானந்த சரஸ்வதியிடம் சேர்ந்து, 1953இல் குரு மறையும்வரை பணிவிடை செய்தார். அடுத்த ஐந்தாண்டுக்குள் தன் இயக்கத்தை அவர் தொடங்கியது நம் மதராசில்தான். நீங்கள் உபதேசம் வாங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். பழம், பூ, புது வெள்ளைக் கைக்குட்டை எல்லாம் கொண்டு போயிருப்பீர்கள். சொல்லிக்கொடுத்தவர் பூஜை செய்தது யார் படத்துக்கு? மகரிஷி படத்துக்கு அல்ல, அவருடைய குருவின் படத்துக்கு. உலகமே தன்னைத் தேடி வந்த காலத்திலும் அந்த வழக்கத்தை அவர் மாற்றவில்லை. காசு ஒன்றே குறியாக இருந்தவர் இப்படித் தன்னைப் பின்னால் நிறுத்திக்கொள்வாரா? எனக்கு இது பெரிய சாட்சி.

1968இல் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலப் பாட்டுக் குழு ரிஷிகேஷில் மகரிஷியிடம் வந்ததும், ஏப்ரலில் அதன் பாடகர்கள் லெனனும் ஹாரிசனும் கசந்து கிளம்பியதும் ஊரறிந்த கதை. மகரிஷிமேல் பெண் விஷயமாகக் கிளம்பிய புகார் கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. அதே ஹாரிசன் 1992இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மகரிஷி இயக்கத்தாரின் கட்சிக்காகக் கச்சேரி செய்தார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

என் கோபம் வேறு இடத்தில். எழுபதுகளின் நடுவில் "சித்தி" பயிற்சி என்று ஒன்றைக் கொண்டுவந்து, பறக்கலாம் என்றார்கள். பத்மாசனம் போட்டு மெத்தைமேல் எம்பிக் குதிப்பதைத்தான் ஊர் பார்த்தது. அறிவியல் படித்த ஒருவர் இதற்குத் துணைபோனது பெரிய தப்பு. அப்புறம் தியானம் கற்கக் கட்டணம். அமெரிக்காவில் ஒரு கட்டத்தில் 2,500 டாலர்! நிம்மதி அதிகம் தேவைப்படுகிற ஏழை அதை எங்கே கட்டுவான்? சினிமா இயக்குநர் டேவிட் லிஞ்ச் 2005இல் அறக்கட்டளை தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தர வழி செய்தார். அதைக் குருவே முதலில் செய்திருக்க வேண்டும்.

ஆனால் காலையிலும் மாலையிலும் இருபது இருபது நிமிஷம் கண்மூடி உட்காருவது நல்ல பழக்கம். ரத்த அழுத்தத்தைக் குறைக்க இதையும் யோசிக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கமே 2013இல் சொன்னது. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மருமகன் கட்டணத்தைப் பற்றிச் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆளே போலி என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: காசே வாங்காமல் தியானம் கற்றுத்தந்த பெரிய ஆசிரியர் நம் காலத்தில் உண்டா? (வாசகர், தேனி)

பதில்: உண்டு. பர்மாவில் பிறந்த தொழிலதிபர் கோயங்கா, 1969இல் இந்தியா வந்து விபாசனா என்கிற புத்தர் வழித் தியானத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பத்து நாள் பயிற்சி, தங்க இடம், சாப்பாடு எதற்கும் கட்டணம் இல்லை. முடித்தவர்கள் விரும்பிக் கொடுப்பதில் அடுத்தவர்களுக்கு நடக்கிறது. திகார் சிறைக் கைதிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பயிற்சியில் நாள்கணக்கில் பேசாமல் இருக்கவேண்டும்; அது எல்லோருக்கும் ஒத்துவராது. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவேண்டாம்.