வேலையில் இருந்துகொண்டே மெல்லிசைக் குழுவில் வாசிக்கலாமா? காசு வாங்கலாமா?

கேட்டவர் அரசு வேலையில் இருக்கிறார், கீபோர்டு வாசிப்பார், ஊரில் ஒரு மெல்லிசைக் குழு கூப்பிடுகிறது. நேரம் கிடைக்குமா, காசு வாங்கினால் தப்பாகுமா என்று கேட்டுவிட்டு, "ஆசைக்குத்தானே, சும்மாவே வாசித்துவிட்டுப் போனால் என்ன?" என்று முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாசிக்கலாம். காசும் வாங்க வேண்டும். சும்மா மட்டும் வாசிக்காதீர்கள்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வருவார்கள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964இல் வந்தவை. அதில் 15ஆவது விதி, எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் வேலைகளுக்கு முன் அனுமதி தேவையில்லை என்கிறது. ஆபீஸ் வேலை கெடக்கூடாது என்பது நிபந்தனை. ரயில்வேயில் இருக்கும் எங்களுக்கு 1966ஆம் ஆண்டு ரயில்வே விதிகள், அதிலும் இதே 15தான். மாநில அரசு என்றால் 1973ஆம் ஆண்டு விதிகள் தனி. 'எப்போதாவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாராவாரம் மேடை, கைக்குக் காசு என்று ஆகும்போது எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிடுவதுதான் நிம்மதி. நான் வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன்.

நான் திருச்சி பொன்மலைப் பணிமனையில் டெக்னீஷியன். குழுவில் பேஸ் கிடார். வேலை பார்த்துக்கொண்டே வாசிப்பது எங்கள் காலனிக்குப் புதிது இல்லை. 1928இல் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. பகலில் இன்ஜினோடு கிடந்தவர்கள் சனிக்கிழமை ராத்திரி கோட்டு போட்டுக்கொண்டு இன்ஸ்டிட்யூட் என்ற ரயில்வே கிளப்பில் டான்ஸுக்கு வாசித்த கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். எனக்குக் கிடார் சொல்லிக்கொடுத்த அங்கிளும் ரிட்டயர்டு ரயில் டிரைவர்தான். மூன்று மாதம் ஒரே கம்பியை மட்டும் மீட்டச் சொன்னார், சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தோடு சேர்ந்து. அப்போது கோபமாக வந்தது. இன்றைக்கு மேடையில் தாளம் தப்பாமல் நிற்கிறேன் என்றால் அந்த மூன்று மாதம்தான்.

நேரம் கிடைக்குமா என்றால், தானாகக் கிடைக்காது, நாமே ஒதுக்க வேண்டும். எங்கள் குழுவில் ஏழு பேர். கீபோர்டு வாசிப்பவர் அரசுப் பள்ளி ஆசிரியர். ஆண் குரல் பஸ் கண்டக்டர். பெண் குரல் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. புல்லாங்குழல் தபால் ஆபீஸ். டோலக் தம்பிக்கு டூவீலர் ஒர்க்‌ஷாப். ரிதம் பேட் (குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் தாளக் கருவி) வாசிக்கும் அண்ணனுக்கு மட்டும் பேடுதான் தொழில், வேறு வேலை கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை ரிகர்சல். பொன்மலைப்பட்டியில் ஒரு வீட்டு மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுவரெல்லாம் பழைய ஜமக்காளம். கண்டக்டர் அண்ணனுக்கு டியூட்டி மாறினால் அவர் பகுதியை யாராவது முனகிக்கொண்டே ஓட்டுவோம். ரிகர்சலை மட்டும் தள்ளிப்போட மாட்டோம். ஒரு வாரம் தள்ளினால் அது மூன்று வாரமாகும், அப்புறம் குழுவே இருக்காது. நான் பார்த்தவரை, திறமை இல்லாமல் உடைந்த குழு ஒன்றுகூட இல்லை. செவ்வாய்க்கிழமை வராததால் உடைந்தவைதான் எல்லாம்.

ரிகர்சலுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்காக 2018 சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன்.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், லால்குடியைத் தாண்டி ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழா. ஏழு மணிக்கு ஆரம்பம் என்று நோட்டீஸ். ஆறரைக்கே சவுண்டு செக் முடித்துத் தயாராக நின்றோம். இரண்டு பாட்டு போனதும் யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார். பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். அவருக்குப் பொன்னாடை, அவர் கூட வந்தவர்களுக்குப் பொன்னாடை, பேட் ஸ்டாண்டை நகர்த்தி அந்த இடத்தில் நாற்காலி. ஐம்பது நிமிடம் போனது. ஒலி மாசு விதிகள் 2000இல் வந்ததிலிருந்து ராத்திரி பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று அரசு தளர்வு கொடுக்கும் நாட்கள் சில உண்டு, அன்றைக்கு அதுவும் இல்லை. அப்போது யாருடைய நேரம் போகிறது? பாடுகிறவர்களுடைய நேரம். வயலிலிருந்து வந்து மண்ணில் துண்டு விரித்துக் காத்திருக்கும் சனங்களுடைய நேரம். பாட்டுக் கச்சேரி என்று நோட்டீஸ் அடித்துவிட்டு அதை ஏன் மாலை மரியாதைக்கு நடுவில் ஓட்டை அடைக்கும் சாமானாக வைக்கிறீர்கள்? பேச்சை முதலிலேயே முடித்துவிடலாமே. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் எத்தனை வருஷமாக மனசுக்குள் கிடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மணிக்கு மேல்தான் மறுபடி ஆரம்பித்தோம். அவசரம். அக்காவின் பாட்டுக்காகக் கீபோர்டு சார் டிரான்ஸ்போஸை, அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் வசதியை, பிளஸ் இரண்டில் வைத்திருந்தார். பாட்டு முடிந்தது, அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டார். அடுத்தது கண்டக்டர் அண்ணன் பாட்டு. முன்னிசையில் முதல் நாலு தாள வட்டம் கீபோர்டு மட்டும்தான். அதுவரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஐந்தாவது வட்டத்தில் நான் நுழைய வேண்டும். விரல் கம்பியைத் தொடுவதற்கு முன்பே காதில் உறுத்தியது. ரிகர்சலில் நூறு தடவை கேட்ட சுரம், அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, மேலே இருந்தது. கையை இரண்டு கட்டம் மேலே தள்ளி வைத்து நுழைந்தேன். கிடார்காரனுக்கு அது சுலபம். குழல்காரருக்கு முடியாது, ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் குழல். அவர் என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டுக்குப் போன ஒரு கட்டைச் (சுருதி அளவு) குழலைத் துணியில் போட்டுவிட்டு இரண்டு கட்டைக் குழலை எடுத்தார், தன் இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார்.

பல்லவியைக் கண்டக்டர் அண்ணன் கழுத்து நரம்பு புடைக்கப் பாடிவிட்டார். சரணத்தின் உச்சி அந்தச் சுருதியில் அவருக்கு எட்டாது, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் கீபோர்டு சாரைப் பார்த்து இரண்டு விரலைக் கீழே காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. இறக்க வேண்டும் என்றால் இடையில் சுரமே இல்லாத ஓர் இடம் வேண்டும். அந்தப் பாட்டில் அப்படி ஓர் இடம் கிடையாது.

பேட் அண்ணன் அதை உண்டாக்கினார். பல்லவி முடிந்த இடத்தில் எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார், எல்லாரும் கையை எடுத்தோம். அவர் தனியாக எட்டு எண்ணிக்கைக்கு ஒரு உருட்டு உருட்டினார். டோலக் தம்பி நாலாவது எண்ணில் புரிந்துகொண்டு கூடச் சேர்ந்தான். அதற்குள் சார் டிரான்ஸ்போஸ் பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டார், அது பூஜ்யத்துக்கு வந்தது. குழல்காரர் பழைய குழலுக்கு மாறினார். நான் கையை இறக்கினேன். எட்டு முடிந்து ஒன்றில் எல்லாரும் ஒன்றாக விழுந்தோம். கூட்டம் விசில் அடித்தது. வேண்டுமென்றே செய்த வித்தை என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கை நடுங்கியது. இருபது வருஷத்தில் அதைவிட நல்ல எட்டு எண்ணிக்கை நான் கேட்டதில்லை.

பத்துக்கு மைக்கை அணைத்தோம். கணக்குப் பார்க்க நான்தான் போவேன். பேசியது 24,000 ரூபாய். விழாக் குழுவில் இருந்தவர் 17,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். "நேரம் கம்மியாத்தானே பாடினீங்க. உங்களுக்கெல்லாம் மாசமானா கவர்மெண்ட் சம்பளம் வருது, அப்புறம் என்ன தம்பி?" என்றார். நேரம் எங்களால் குறையவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். களைப்பு, காலையில் டியூட்டி, ஊர்க்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள். "பரவாயில்லைங்க, சாமி காரியம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேனுக்கு 3,000 போக, ஆளுக்கு 3,000 வர வேண்டிய இடத்தில் 2,000 வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொள்ளிடப் பாலம் தாண்டும்போது பேட் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை அவர் குரலில். "நீங்க விட்டுக்கொடுத்துட்டீங்க தம்பி. நான் விட்டுக்கொடுக்கலையே" என்றார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். கச்சேரிப் பணம் எனக்குப் புதுக் கம்பி, பிள்ளைக்கு ஒரு சட்டை. அவருக்கு அது பெண்ணின் காலேஜ் பீஸ், வீட்டு வாடகை. என் தாராள மனசை நான் அவர் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறேன். நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் "ஆசைக்குத்தானே" என்று சொல்லும்போதெல்லாம் நடப்பது இதுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரிகர்சலில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். இனி எட்டுப் பங்கு, அதில் பேட் அண்ணனுக்கு இரண்டு. பேசிய தொகை குறைந்தால் அந்தக் குறைவு மற்ற ஆறு பேர் தலையில், அவர் பங்கில் கை வைக்கக் கூடாது. இதை எழுதினால், 'சமமாக வாசிக்கிறவர்களுக்குச் சமமாகத்தானே கொடுக்க வேண்டும்' என்று வருவீர்கள். எங்கள் தையல் அக்காவே கேட்டார், அவருக்கும் கடை வருமானம் நிலையில்லைதான். நியாயமான கேள்வி. அதனால் அவருடைய சேலை, மேக்கப் செலவைப் பொதுவில் எடுத்துக்கொள்வது என்று வைத்தோம். தர்மம் செய்வதாக நினைத்துக்கொண்டும் இதைச் செய்யவில்லை. பேட் அண்ணன் பகலெல்லாம் சாதகம் (பயிற்சி) செய்கிறார், அந்தப் பலனில் நாங்கள் ஆறு பேரும் மேடையில் நிற்கிறோம். அந்த எட்டு எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

அப்புறம் 2020 மார்ச்சில் ஊரடங்கு. பங்குனி, சித்திரை, ஆடி என்று எங்களுக்குச் சோறு போடும் மாதங்கள் எல்லாம் போயின. அடுத்த வருஷச் சித்திரையும் அப்படியே. மற்றவர்களுக்கு ஏதோ ஒரு வகையில் வருமானம் வந்தது. பேட் அண்ணன் தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். பேடை விற்கப்போவதாக ஒரு நாள் டோலக் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். மாதம் ஆளுக்கு 1,000 போட்டு, அடுத்த கச்சேரிக்கு அட்வான்ஸ் என்று சொல்லிக் கொடுத்தோம். அட்வான்ஸ் என்று சொன்னதால்தான் வாங்கினார். கச்சேரிகள் திரும்பியதும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

போன வருஷம் அதே லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன் வந்தது. இந்த முறை தொகையை முதலிலேயே சொன்னேன், பாதி முன்பணம், பேச்சு எல்லாம் ஏழு மணிக்கு முன்னால் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்தார்கள். பிறகு விசாரித்தால், வேறு ஒரு குழு வேன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறது. எல்லாரும் நல்ல உத்தியோகத்தில் இருக்கிற பிள்ளைகளாம், ஆசைக்கு வாசிக்கிறார்களாம். அன்றைக்குச் சாயங்காலம் பேட் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து குச்சியால் தலையணையில் சாதகம் செய்துகொண்டிருந்தார். போன் வந்ததா தம்பி என்று கேட்டார். இல்லைண்ணே என்றேன்.