‘ஆம்பல்’ என்று பெண் குழந்தைக்குப் பெயர் சூட்டலாமா? அதன் பொருள் என்ன?

பிறக்கவிருக்கும் மகளுக்கு ‘ஆம்பல்’ என்று பெயரிட விரும்புவதாகவும், அது கணவனை இழந்தவர்கள் உண்ட உணவோடு தொடர்புடைய பெயர் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் மகளின் பெயரும் ஆம்பல்தான். 7 ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவும் இதே காரணத்தைச் சொல்லி மறுத்தார் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆம்பல் என்பது குளங்களிலும் குட்டைகளிலும் பூக்கும் அல்லி. மலையாளத்திலும் இதே சொல்தான். வடமொழியில் குமுதம் என்பார்கள். பலரும் இதனைத் தாமரையோடு குழப்பிக்கொள்கிறார்கள். தாமரை இலை நீருக்கு மேலே எழுந்து நிற்கும். ஆம்பல் இலையோ நீரின் மீது படிந்து கிடக்கும், அதில் காம்பிலிருந்து விளிம்பு வரை ஒரு பிளவும் இருக்கும். தாமரை காலையில் மலரும். வெள்ளாம்பலும் செவ்வாம்பலும் மாலையில் அவிழ்ந்து, இரவெல்லாம் விரிந்திருந்து, மறுநாள் வெயில் ஏறும்போது கூம்பிவிடும். நிலவைக் கண்டு மலரும் பூ என்று புலவர்கள் இதனைப் பாடியது இதனால்தான்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களில் காந்தளுக்கு அடுத்து இரண்டாவதாக வருவது ஆம்பல். ஒரு பேரெண்ணுக்கும் ஒரு வகைக் குழலுக்கும்கூட இப்பெயர் வழங்கியிருக்கிறது. ஆனால், எனக்கு மிகவும் பிடித்தது முத்தொள்ளாயிரம் காட்டும் காட்சி. சேற்று வயலில் செவ்வாம்பல்கள் வாய் அவிழ்கின்றன. வெள்ளம் தீப்பற்றிக்கொண்டதோ என்று அஞ்சிய பறவைகள் தம் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொள்கின்றன. சேர நாட்டில் இருக்கும் ஆரவாரம் இது ஒன்றுதான் என்கிறார் புலவர்.

இனி உங்கள் பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது பொய்யன்று. புறநானூற்றின் 248ஆம் பாட்டில், ஒக்கூர் மாசாத்தனார் பாடலில், கணவனை இழந்த பெண் ஒருத்தி பேசுகிறாள். இளமையில் தனக்குத் தழையாடையாக இருந்த சிறிய வெள்ளாம்பல், இப்போது உண்ணும் வேளை தவறித் தான் உண்கிற புல்லரிசியாகிவிட்டதே என்கிறாள். ஆனால், அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். ‘அளிய தாமே’, அவை இரங்கத்தக்கவை, என்று அவள் ஆம்பலுக்காகத்தான் இரங்குகிறாள். ஆடிப் பாடிய நாளிலும் உடன் இருந்து, எல்லாம் இழந்த நாளிலும் பசிக்கு உதவிய ஒரு கொடியை அமங்கலம் என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெரியம்மாவிடம் நான் சொன்னதும் இதைத்தான். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவரை இணங்க வைத்தது அவருக்குச் சிறு வயதிலிருந்தே மனப்பாடமாக இருந்த மூதுரை.

குளம் வற்றியதும் பறந்துபோகும் பறவைகளைப் போன்றவர்கள் உறவினர் அல்லர், அதே குளத்தில் கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போல ஒட்டியிருப்பவர்களே உறவினர் என்கிறது அதன் 17ஆம் பாட்டு. இது வெறும் உவமை அன்று, அந்தச் செடியின் இயல்பே அதுதான். நீர் வற்றினால் இலையும் தண்டும் கருகிப்போகும். கிழங்கு மட்டும் சேற்றுக்குள் உயிரோடு கிடந்து, மழை பெய்ததும் துளிர்க்கும். எங்கள் ஊர்க் குளம் ஒரு கோடையில் பாளம் பாளமாக வெடித்தபோது, தன் பூவெல்லாம் செத்துப்போயிற்று என்று மகள் அழுதாள். ஐப்பசி மழைக்குப் பிறகு அழைத்துச் சென்று காட்டினேன். உள்ளங்கை அளவில், அடிப்புறம் சிவந்த இலைகள் நீரில் விரியத் தொடங்கியிருந்தன. அடுத்த மாதம் ஒரு பூவைத் தண்டோடு இழுத்தோம். அவள் உயரத்தைவிட நீளமாக வந்தது. நீர் எவ்வளவோ அவ்வளவு உயரம் ஆம்பல் என்று மூதுரையிலேயே வேறொரு பாட்டு சொல்வது அப்போது அவளுக்குத் தானாகவே விளங்கியது. தண்டைத் துண்டு துண்டாக ஒடித்து, நாரை மட்டும் விட்டுவைத்து, பூவே பதக்கமாகத் தொங்கும்படி மாலை செய்து போட்டுவிட்டேன்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். முதல் எழுத்து குறிலாகிவிட்டால் பொருளே மாறிவிடும்; ‘அம்பல்’ என்பது அகப்பாடல்களில், ஊரார் தமக்குள் முணுமுணுக்கும் பழிச்சொல். என் மகளின் பிறப்புச் சான்றிதழில் அப்படித்தான் பதிவாகி வந்தது. திருத்தி வாங்க இரண்டு மாதம் அலைந்தேன். சான்றிதழ் கைக்கு வந்தவுடன், அங்கிருந்து கிளம்பும் முன்பே, ‘ஆ’ என்று நெடிலாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.