கணினி உயிரியல் படித்தால் வேலை கிடைக்குமா? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

சுங்கை சிப்புட்டிலிருந்து நீங்கள் எழுதியது இரண்டே வரி. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் உயிரியலுக்கும் கூடுதல் கணிதத்துக்கும் ‘ஏ’ வாங்கிய மகள், மருத்துவம் வேண்டாம், கணினி உயிரியல்தான் படிப்பேன் என்கிறாள், வேலை கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் சீக்கிரம் கிடைக்காது.

உயிர்களின் மரபணுத் தரவுகளைக் கணினியால் அலசுவதுதான் கணினி உயிரியல். அது என்ன வேலை என்று அறிய, உங்கள் ஊரைச் சுற்றி நிற்கும் செம்பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையில் மெல்லிய ஓடுள்ள தெனெரா வகை, தடித்த ஓடுள்ள டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அதிக எண்ணெய் தரும். கன்றாக இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான். காய்த்த பிறகே குட்டு வெளிப்படும். 2013-இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து செம்பனையின் மரபணுத் தொகுப்பை வெளியிட்டார்கள். ஏ, சி, ஜி, டி என்று குறிக்கப்படும் நான்கு வேதிப்பொருள்களே அதன் எழுத்துகள்; அது ஏறத்தாழ 180 கோடி எழுத்து நீளம். ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவையும் அதற்குள்ளிருந்து கண்டுபிடித்தார்கள். அதில் ஓர் எழுத்து மாறினாலே ஓட்டின் தன்மை மாறிவிடுகிறது. இப்போது கன்றின் இலைத் துணுக்கைச் சோதித்தே வகையைச் சொல்லிவிடலாம். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. பெயரை மகளிடம் சொல்லுங்கள்.

180 கோடி எழுத்துகளில் ஒன்றைத் தேடிப் பிடிப்பவருக்கு நுண்ணோக்கியைவிடப் புள்ளியியல்தான் கைகொடுக்கும். ஆகவே பல்கலைக்கழகத்துக்கு முன் படிப்பது ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ, கணிதத்தை மட்டும் விடக்கூடாது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் வழியாகவும், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினி வழியாகவும் இத்துறைக்குள் நுழையலாம். வெறும் புள்ளியியல் பட்டம் கிடைத்தாலும் நான் வருந்தமாட்டேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகுதான் உயிரியலுக்கு வந்தார்; 2009-இல் நோபல் பரிசு பெற்றார்.

இனிக் கசப்பான பகுதி. ஆராய்ச்சியாளராக நிலைக்க முனைவர் பட்டம் வேண்டும். அதை முடிக்க முப்பது வயதை நெருங்கிவிடும். தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகளே. (2016 முதல் அரசாங்கப் புதிய மருத்துவர்களுக்கும் ஒப்பந்த நியமனம்தான் என்பதை, கேலி பேசும் உறவினர்களுக்கு நினைவூட்டலாம்.) முனைவர் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். உதவித்தொகையோ ஆய்வுத் திட்டச் சம்பளமோ கிடைக்கும் இடத்தில் மட்டும் சேரட்டும். இளங்கலையோடு நின்றாலும், நிரல் எழுதத் தெரிந்தவளை வங்கியும் காப்புறுதி நிறுவனமும் எடுத்துக்கொள்ளும்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு சோதனை. பைதான் என்னும் நிரல் மொழியை இணையத்தில் இலவசமாகக் கற்கலாம். மரபணு வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜென்பேங்க் தரவுத்தளமும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. செம்பனையின் அந்த ஓட்டு மரபணுவை இறக்கி, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரலை அவளே எழுதட்டும். முதல் முயற்சியில் பிழைதான் வரும். அதைத் திருத்த இரவு கண்விழித்து உட்காருகிறாளா, மடிக்கணினியை மூடிவிடுகிறாளா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.