சந்தா கட்டிய பத்திரிகை வரவில்லை, போன் செய்தால் மெஷின்தான் பேசுகிறது. ஆளைப் பிடிக்க என்ன வழி?

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

'இதழ் வரவில்லை' என்பதற்கான எண்ணை அழுத்தாதீர்கள். 'புதிய சந்தா' எண்ணை அழுத்துங்கள், ஆள் எடுப்பார். பணம் வாங்க ஆள் இருக்கிறது, வாங்கிய பணத்துக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

எங்கள் ஆத்தா செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். வட்டிக் கணக்கை மனத்திலேயே போடுகிறவர்கள். ஒரு மாத இதழுக்குப் பல வருடமாகச் சந்தா. அது நின்றுபோனபோது நான் பக்கத்தில் இருந்து போன் போட்டேன். ஆத்தாவின் சந்தாதாரர் எண்ணை அழுத்தச் சொன்னது அந்த மெஷின் குரல். பழைய உறையின் முகவரிச் சீட்டில் எறும்பு மாதிரி எழுத்து. ஆத்தா வெளிச்சத்துக்காக முகப்புக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, நான் அழுத்தி முடிப்பதற்குள் 'தவறான எண்' என்று சொல்லி மறுபடி 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று ஆரம்பித்துவிட்டது. திரும்பத் திரும்ப இதேதான். "விடுப்பா, அவுகளுக்கு நம்ம வேண்டாம் போல" என்றார்கள் ஆத்தா. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

'ஆப்பில் படிக்கலாமே' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: ஆத்தா வருடவாரியாகக் கட்டி இரண்டாங்கட்டு அறையில் அடுக்கி வைக்கிறார்கள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா இப்படிச் சேர்த்தவைதான், 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நடுவில் ஓர் இதழ் விட்டுப்போனால் அந்தக் கட்டு குறைதான். மெஷின் வைத்தால் செலவு மிச்சம் என்பதும் தெரியும், நானும் வியாபாரக் குடும்பம்தான். ஒரு கிளை எண்ணிலாவது மனுஷரை வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டைப் பார்க்க வருகிறவர்களும் இப்படித்தான். தூணைத் தட்டி "பர்மா தேக்கா, கொடுப்பீங்களா?" என்கிறார்கள். பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆத்தாவுக்கு ஒரு வணக்கம் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். புதிய சந்தா ஆளும் 'அது வேற டிபார்ட்மெண்ட்' என்று கைகழுவினால், இதழின் உள்பக்கம் பாருங்கள். வெளியிடுபவர் பெயரையும் முகவரியையும் அச்சிட்டே ஆகவேண்டும், அது சட்டம். அவர் பெயருக்கே, சந்தா ரசீது நகலோடு ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் தானாகப் பிடிக்கும்படி யுபிஐ ஆட்டோபே போட்டிருந்தால் அவர்களிடம் கெஞ்ச வேண்டாம், உங்கள் யுபிஐ ஆப்பிலேயே ரத்து செய்யலாம்.

கடிதம் போட்ட பிறகுதான் எங்களுக்கு விட்டுப்போன இதழ்கள் வந்தன. தீபாவளி இதழ் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கும் எழுதியிருக்கிறேன்.